டிவியில் படம் சரியாகத் தெரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்போம்

திருகோணமலையில் யார் வீட்டுக்குப் புது டிவி வந்தாலும் முதல் கிழமைக்குள் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "படம் முழுசா வரேல்ல." அதைச் சரிசெய்யப் போய் ரிமோட்டில் யாராவது கை வைக்கிறார்கள். முகம் அகலமாகிறது, தலை வெட்டுப்படுகிறது, சப்டைட்டில் காணாமல் போகிறது. கடைசியில் பழி டிவியின் தலையில் விழுகிறது.

எந்தத் தெரிவையும் மாற்றுவதற்கு முன் பிழை எங்கே இருக்கிறது என்று பிடித்துவிடுங்கள். படத்தின் வடிவம் மூன்று இடங்களில் மாறலாம். ஒன்று, கோப்பு அல்லது டிவிடி. இரண்டு, அதை ஓட்டும் பெட்டியோ கணினியோ போனோ. மூன்று, டிவி. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஓட்டும் பெட்டியின் மெனுவைத் திரைக்குக் கொண்டுவாருங்கள். மெனுவின் ஓரமும் வெட்டுப்பட்டு, அதன் எழுத்துகளும் அகன்று தெரிந்தால் டிவியின் பட அளவைப் பாருங்கள். மெனு வடிவாக இருந்து படம் மட்டும் கோணலாக இருந்தால் டிவியைத் தொடவே வேண்டாம். பெட்டியின் தெரிவையோ கோப்பையோதான் பார்க்க வேண்டும்.

அடுத்தது வட்டம். நடுத்திரையில் நேர்முகமாக ஒரு சைக்கிள் சக்கரமோ சுவர் மணிக்கூடோ வரும் இடத்தில் படத்தை நிறுத்தி, தையல் நாடாவால் அதன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்று என்றால் வடிவம் சரி, மேற்கொண்டு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. உயரம் 30 சென்ரிமீற்றரும் அகலம் 40 சென்ரிமீற்றரும் வந்தால், 4:3 (அகலம் 4 பங்கு, உயரம் 3 பங்கு) படத்தை யாரோ 16:9 டிவிக்கு இழுத்திருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் வரும் வட்டத்தை அளக்க வேண்டாம். அகன்ற லென்ஸில் எடுத்த காட்சி என்றால் அங்கே இயல்பாகவே கோணல் இருக்கும்.

மேலும் கீழும் கறுப்புப் பட்டை

இது பிழை அல்ல. ஆனாலும் அதிகம் பேர் 'சரிசெய்வது' இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இன்றைய டிவியின் வடிவம் 16:9, அதாவது அகலம் உயரத்தைப்போல் 1.78 மடங்கு. திரையரங்குக்காக எடுக்கும் படங்களில் பல 2.39:1. அகலமான படத்தை அகலம் குறைந்த திரையில் முழுதாகக் காட்டினால் மேலும் கீழும் இடம் மிஞ்சத்தான் செய்யும். 1080 வரிசை உள்ள டிவியில் அப்படிப்பட்ட படம் ஏறத்தாழ 803 வரிசையைத்தான் பிடிக்கிறது. திரையில் கால்வாசி கறுப்பு.

உப்புவெளியில் ஒரு மாமா என்னிடம் கேட்டார்: "காசு குடுத்து 55 இஞ்சி வாங்கினது கறுப்பைப் பாக்கவோ தம்பி?" நியாயமான கேள்விதான். ஆனால் ஸூம் அழுத்திக் கறுப்பைப் போக்கினால் போவது கறுப்பு மட்டுமா? படத்தின் அகலத்தில் கால்வாசியும் இரு ஓரங்களாலும் வெளியே போய்விடும். குழு நடனத்தில் வரிசையின் இரண்டு அந்தத்திலும் ஆடுபவர்கள் இல்லை. இரண்டு பேர் எதிரெதிரே நின்று கதைக்கும் காட்சியில் ஒருவருக்கு மூக்கு மட்டும் மிச்சம். மாமாவுக்கு ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். "சரி, விடு" என்றார். ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது பட்டை வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வராது, அது 16:9இல்தான் வருகிறது.

பட்டையின் தடிப்பு படத்துக்குப் படம் மாறும். 1.85:1 படத்தில் மெல்லிய கோடு போலத்தான் இருக்கும். இணையத் தொடர்கள் பல 2:1இல் வருகின்றன, அவற்றில் நடுத்தரம். சில பெரிய ஆங்கிலப் படங்களில் பட்டை காட்சிக்குக் காட்சி மறைந்து மறைந்து வரும். ஐமாக்ஸ் கமெராவில் எடுத்த காட்சிகளை உயரமாகவே விட்டிருப்பார்கள், அதுவும் பிழை இல்லை.

பட்டை கறுப்பாக இல்லாமல் சாம்பல் நிறமாக ஒளிர்வதுதான் உங்களுக்குப் பிரச்சினை என்றால் அது வேறு கதை. எல்இடி டிவியில் பின்விளக்கு முழுத்திரைக்கும் எரிவதால் அப்படித் தெரியும். இரவில் பின்விளக்கைக் குறையுங்கள். டிவிக்குப் பின்னால் சுவரில் சின்னதாக ஒரு லைற் போட்டாலும் கண்ணுக்கு உறுத்தாது.

இரண்டு பக்கமும் கறுப்பு

பழைய படம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகன்ற திரை) படம் 'ராஜராஜ சோழன்', 1973இல் வந்தது. அதற்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்கள் பொதுவாகச் சதுரத்துக்குக் கிட்டிய 1.37:1 வடிவம். அவற்றை அகன்ற டிவியில் போட்டால் இரு பக்கமும் சேர்த்துக் கால்வாசித் திரை சும்மாதான் இருக்கும்.

அப்படி ஒரு படம் திரையை நிறைத்து வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். வட்டம் முட்டையாக இருந்தால் இழுத்திருக்கிறார்கள். வட்டம் வட்டமாகவே இருந்தும் திரை நிறைந்திருந்தால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள். இணையத்தில் 'எச்டி' என்று ஏற்றப்படும் பழைய படங்களில் இந்த வெட்டு நிறைய. நாட்டியக் காட்சியில் பாதம் தெரிகிறதா என்று பாருங்கள். சலங்கை கட்டிய கால் திரைக்கு வெளியே போயிருந்தால் அந்தப் பிரதியை விட்டுவிட்டு, பக்கத்தில் கறுப்பு உள்ள பிரதியைத் தேடுங்கள். கோப்பிலேயே வெட்டியதை எந்த ரிமோட்டாலும் மீட்க முடியாது.

நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் சின்னப் படம்

இங்கேதான் ஸூமுக்கு உண்மையான வேலை. பழைய 4:3 டிவிக்காகத் தயாரித்த டிவிடிகளில் மேல்கீழ்ப் பட்டை படத்தோடு சேர்த்தே பதிவாகியிருக்கும். அதை இன்றைய டிவி 4:3 என்று எடுத்துக்கொண்டு இரண்டு பக்கமும் தன் பங்குக்குக் கறுப்பைப் போடும். டிவியில் ஸூம் கொடுங்கள். கணினியில் படம் ஓட்ட விஎல்சி செயலியைப் பாவிப்பவர்கள் விசைப்பலகையில் 'சி' எழுத்தை அழுத்தினால் வெட்டும் அளவு ஒவ்வொன்றாக மாறும். 'ஏ' எழுத்து வடிவத்தை மாற்றும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்: 'சி' வெட்டும், 'ஏ' இழுக்கும்.

போன் திரையை அப்படியே டிவிக்கு அனுப்பும்போதும் இதே கோலம் வரும். போனின் வடிவம் வேறு, டிவியின் வடிவம் வேறு. திரையை அனுப்புவதை விட்டு, செயலிக்குள்ளேயே இருக்கும் காஸ்ட் குறியை அழுத்துங்கள். இல்லையென்றால் கோப்பை யூஎஸ்பியில் போட்டு நேரே டிவியில் செருகுங்கள். தரமும் கூடும், போன் பற்றரியும் மிஞ்சும்.

எல்லோரும் குண்டாக, அல்லது எல்லோரும் ஒல்லியாக

குண்டு என்றால் 4:3 படம் இழுபட்டிருக்கிறது. சாம்சங்கில் 'பிக்சர் சைஸ்', எல்ஜியில் 'ஆஸ்பெக்ட் ரேஷியோ', சோனியில் 'வைட் மோட்' என்று இருக்கும். பழைய அலைவரிசைக்கும் பழைய படத்துக்கும் 4:3 அல்லது 'ஒரிஜினல்', 'நார்மல்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். 'வைட் ஸூம்' மாதிரி ஒரு தெரிவு நடுவை விட்டு ஓரத்தை மட்டும் இழுக்கும். கமெரா பக்கவாட்டில் திரும்பும் காட்சியில் ஆக்கள் ஓரத்துக்குப் போனதும் வீங்குவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் தலை சுற்றும்.

ஒல்லி என்றால் 16:9 படம் 4:3க்குள் நெருக்குப்பட்டிருக்கிறது. டிவியின் பட அளவும் டிவிடி பிளேயரின் 'டிவி டைப்' தெரிவும் 16:9 ஆக இருக்கின்றனவா என்று பாருங்கள். செய்மதிப் பெட்டியிலும் இதே தெரிவு உண்டு. பழைய டிவிக்குப் பூட்டிய பெட்டியைப் புது டிவிக்கு மாற்றிய வீடுகளில் இதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஓரம் வெட்டுப்படுகிறது

செய்தி அலைவரிசையின் கீழே ஓடும் எழுத்து பாதி மறைந்தால், அல்லது கணினியை இணைத்தபோது கீழே உள்ள பட்டை தெரியாமல் போனால், டிவி படத்தைக் கொஞ்சம் பெருப்பித்துக் காட்டுகிறது. பழைய குழாய் டிவிக் காலத்துப் பழக்கம் இது. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சாம்சங்கில் 'ஃபிட் டு ஸ்கிரீன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்' போடுங்கள். படம் ஓரளவு கூர்மையாகவும் ஆகும், ஏனென்றால் அதன் பிறகு ஒரு புள்ளிக்கு ஒரு புள்ளி என்று காட்டும்.

ஒரு விதிவிலக்கு, பழைய விஎச்எஸ் கல்யாண வீடியோ. அதைக் கணினிக்கு மாற்றிப் பார்த்தால் திரையின் அடியில் சில வரிகள் நெளிந்துகொண்டிருக்கும். நாடா கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நாடாவை வாசிக்கும் தலைகள் மாறும் இடம் அது. எல்லா விஎச்எஸ் நாடாவிலும் உண்டு. பழைய டிவி ஓரத்தை மறைத்ததால் அன்றைக்குக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தால் மட்டும் பிளேயரில் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அலுமாரியில் இருந்த நாடாக்களில் அது சாதாரணம். போட்டால் பிளேயரின் தலையும் போகும், அடுத்துப் போடும் நாடாவும் போகும்.

சப்டைட்டில் இல்லை, அல்லது கட்டம் கட்டமாக எழுத்து

இல்லையென்றால் முதலில் ஸூமை எடுத்துவிடுங்கள். எழுத்து கீழே உள்ள கறுப்புப் பட்டையில் இருந்திருக்கும். தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டமோ விளங்காத குறிகளோ வந்தால் சப்டைட்டில் கோப்பை நோட்பேட்டில் திறந்து 'யூடிஎஃப்-8' என்று சேமித்துப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

நிறம் வெளிறி, கறுப்பெல்லாம் சாம்பலாக

மூன்று காரணங்களைப் பாருங்கள். முதலாவது யன்னல். கடற்கரைப் பக்க வீடுகளில் காலை வெயில் கடலிலிருந்து நேரே உள்ளே வரும். திரையில் யன்னலின் விம்பம் தெரிகிறதென்றால் எந்த மெனுவும் உதவாது. திரைச்சீலையை இழுத்து மூடுங்கள், அல்லது டிவியை வேறு சுவருக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது, ஹெச்டிஎம்ஐ கறுப்பு அளவு. திரைப்படங்களும் டிவி ஒளிபரப்பும் கறுப்பை 16, வெள்ளையை 235 என்று எண்ணால் எழுதுகின்றன. கணினி அவற்றையே 0, 255 என்று எழுதும். பெட்டி ஒரு கணக்கில் அனுப்பி டிவி வேறு கணக்கில் வாசித்தால் கறுப்பு சாம்பலாகும், அல்லது எதிர்ப்பக்கமாகத் தலைமுடியும் கறுப்புச் சேலையும் ஒரே கறுப்புப் புள்ளியாகிவிடும். பெட்டியில் ஒரு முறையும் டிவியின் 'பிளாக் லெவல்' என்ற இடத்தில் ஒரு முறையும் மாற்றிப் பாருங்கள். ஒன்றை மாற்றிப் பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் அதைத் திருப்பிப் பழையபடி வைத்துவிட்டு மற்றதை மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பிழை என்று பிறகு தெரியாது.

மூன்றாவது எச்டிஆர் கோப்பு, அதாவது ஒளிக்கும் இருளுக்கும் இடையே கூடிய வீச்சோடு பதிந்த படம். அதைக் காட்டத் தெரியாத டிவியில் போட்டால் எல்லாம் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். முகம் பச்சை, வானம் ஊதா என்று வந்தால் எச்டிஆரில் ஒரு வகையான டொல்பி விஷன் கோப்பை அது தெரியாத பெட்டியில் போட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: எச்டிஆர் இல்லாத சாதாரணப் பிரதியை எடுங்கள். எச்டிஆர் முத்திரை ஒட்டிய மலிவு டிவிகளில்கூட இரவுக் காட்சி எச்டிஆரில் இருட்டாகவும் சாதாரணப் பிரதியில் வடிவாகவும் தெரிவதுண்டு.

படம் முழுக் கறுப்பு வெள்ளையாக வந்தால், மஞ்சள் செருகி பச்சைத் துளையில் இருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகளில் அந்தத் துளை இரண்டு வேலைக்கும் பொது. அப்போது மெனுவில் 'கம்போனென்ட்' அல்ல, 'ஏவி' என்று தெரிவு செய்ய வேண்டும். கனடாவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய கல்யாண டிவிடி பழைய குழாய் டிவியில் நிறமில்லாமல் ஓடினால் காரணம் வேறு. டிவியில் நிறத்தைக் காட்டும் முறை அங்கே என்டிஎஸ்சி (NTSC), இலங்கையில் பால் (PAL). பிளேயரில் 'டிவி சிஸ்டம்' என்பதைப் பால் ஆக்கினால் பெரும்பாலும் நிறம் வந்துவிடும்.

கட்டம் கட்டமாக உடைகிறது

படத்தை நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியபோதும் கட்டம் தெரிந்தால் கோப்பில் சரக்கு போதவில்லை. இரண்டரை மணி நேரப் படத்தை 700 மெகாபைட்டுக்குள் அடைத்தால் நொடிக்கு 0.62 மெகாபிட்தான் கிடைக்கும். நெட்ஃபிளிக்ஸ் 1080பி படத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும் 4கே படத்துக்கு 15 மெகாபிட்டும் வேகம் வேண்டும் என்கிறது. அந்த 700 மெகாபைட் கோப்பு கைப்பேசிக்குப் போதும், 55 அங்குலத் திரைக்குப் போதாது. மழை, புகை, கடலலை வரும் காட்சிகளில்தான் முதலில் உடையும், ஒவ்வொரு நொடியும் எல்லாமே மாறிக்கொண்டிருப்பதால்.

டிவிடிக்கு வேறு கணக்கு. பால் டிவிடியில் ஒரு படச்சட்டத்துக்கு 720×576 புள்ளிகள். 4கே டிவியில் அதைப்போல் 20 மடங்கு. மீதியை டிவி ஊகித்து நிரப்புகிறது, ஆகவே கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. 'ஷார்ப்னஸ்' கூட்டினால் விவரம் கூடாது, ஆளைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும். பல டிவிகளில் அதை 0க்குக் கிட்ட வையுங்கள். சோனியில் 50தான் நடுநிலை.

இணைய வேகம் நன்றாக இருந்தும் மலிவான ஆண்ட்ராய்டு பெட்டியில் மட்டும் மங்கலாக வந்தால் அதன் வைட்வைன் (கள்ளப் பிரதியைத் தடுக்கும் பூட்டு) உரிமத்தைப் பாருங்கள். 'எல்3' என்று இருந்தால் கட்டணச் செயலிகள் பொதுவாக 480பிக்கு மேல் தராது. டிவியிலேயே உள்ள செயலியில் போட்டுப் பாருங்கள்.

சினிமா நாடகம் போல வழுக்குகிறது

படம் நொடிக்கு 24 சட்டம். டிவி நடுவில் இல்லாத சட்டங்களைத் தானே வரைந்து சேர்க்கிறது. எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃபுளோ', சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்' அல்லது 'பிக்சர் கிளாரிட்டி'. நிறுத்திவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டாலே போதும். 2019இல் அறிவித்த அந்த முறை வழுக்கலை நிறுத்தும், கூர்மையைக் குறைக்கும், வடிவத்தையும் உள்ளபடி விடும். முதலில் மஞ்சளாகத் தெரியும். கடையில் வைத்த 'விவிட்' நீலத்துக்குக் கண் பழகியதுதான் காரணம்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. அசையும் கை, காலின் ஓரத்தில் சீப்புப் பல்போலக் கிடைக்கோடுகள் வந்தால் ஒன்றுவிட்ட வரியாகப் பதிந்த பழைய காட்சி அது. விஎல்சியில் 'டி' எழுத்தை அழுத்துங்கள்.

பழைய பாட்டு கொஞ்சம் வேகமாக, பாடகரின் குரல் ஒரு சிறு அளவு மேலே போனதுபோல் இருக்கிறதா? பால் டிவிடியில் 24 சட்டத்தை 25 ஆக ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். காது கூர்மையானவர்கள் உடனே பிடிப்பார்கள், மற்றவர்கள் விட்டுவிடலாம்.

வெள்ளைப் புள்ளி மின்னுகிறது, படம் போய்ப் போய் வருகிறது

இது வயர். ஹெச்டிஎம்ஐ வயர் பழுதானால் படம் மின்னும் அல்லது அறுந்துபோகும். மங்கவோ வெளிறவோ செய்யாது. ஆகவே படம் மங்கல் என்று போனவருக்கு விலைகூடிய தங்கமுலாம் வயரை விற்றால் அது வியாபாரம் மட்டும்தான். நம் ஊரில் உப்புக்காற்று செருகிகளைத் தின்னும். கறண்டை நிறுத்தி, செருகியைக் கழற்றிப் பாருங்கள். பச்சைப் படலம் இருந்தால் ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தோய்த்த துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். நிலாவெளி, திருக்கடலூர்ப் பக்கம் கடலை ஒட்டி இருப்பவர்கள் இதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளலாம்.

டிஷ் அன்டெனாவில் மழை நேரம் மட்டும் உடைந்தால் அதற்கு மருந்து இல்லை, காத்திருக்க வேண்டியதுதான். கார்த்திகை, மார்கழியில் அது அடிக்கடி நடக்கும். மழை விட்டும் சரியாகாவிட்டால் கூரையில் வயர் பூட்டும் இடத்துக்குள் தண்ணீர் போயிருக்கும், அல்லது வாடைக்காற்று தட்டைத் திருப்பியிருக்கும்.

முற்றத்தில் புரொஜெக்டர் போட்டால்

மேல் அகலம், கீழ் ஒடுக்கம் என்று வந்தால் புரொஜெக்டர் சாய்ந்திருக்கிறது. 'கீஸ்டோன்' திருத்தம் கடைசி வழி, அது உள்ள புள்ளிகளைத்தான் சுருக்குகிறது. முதலில் கதிரை, புத்தகம் என்று ஏதாவது வைத்து லென்ஸைத் திரைக்கு நேரே கொண்டுவாருங்கள். புரொஜெக்டர் வந்த அட்டைப்பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று போட்டிருந்தாலும் 'நேட்டிவ்', அதாவது உள்ளே உண்மையில் உள்ள புள்ளிகள் எவ்வளவு என்பதுதான் கணக்கு. மலிவுப் புரொஜெக்டர்களில் அது 800×480 ஆகவும் இருக்கும். பொழுது வடிவாக இருட்டும் முன் போட்டால் எதுவும் தெரியாது. வெள்ளைத் துணியின் அடி விளிம்பில் ஒரு மூங்கில் தடியைக் கோத்துத் தொங்கவிடுங்கள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் இரண்டு பக்கமும் கயிறு கட்டி நிலத்தில் முளை அடித்தால்தான் துணி நிற்கும்.